1942-ஆம் ஆண்டுக் கத்தி என்று சொல்லி வேறொன்றை அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர்,
வெலிங்டன், குன்னூர் வட்டம்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
ஆன்லைன் பழம்பொருள் விற்பனைப் பிரிவு.

பொருள்: விவரத்துக்குப் பொருந்தாத கமாண்டோ கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரவும், விற்பனை விவரத்தைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

போன மாதம் உங்களிடம் 38,000 ரூபாய் கட்டி ஒரு கத்தி வாங்கினேன். நீங்கள் கொடுத்திருந்த விவரம் இது: "ஃபேர்பேர்ன்-சைக்ஸ் கமாண்டோ கத்தி, இரண்டாம் வடிவம், 1942, வில்கின்சன் தயாரிப்பு, பித்தளைப் பிடி, அசல் உறையுடன், யாரும் கை வைக்காத நிலை. வெலிங்டனில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரியின் குடும்பத்திலிருந்து பெறப்பட்டது." வந்த கத்தியை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதில் ஒன்றுகூடச் சரியில்லை.

நான் அவசரப்பட்டு வாங்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊழியரிடம் வாட்ஸ்அப்பில் இரண்டு கேள்விகள் கேட்டேன். அலகு எவ்வளவு நீளம்? 9 அங்குலத்தைத் தாண்டினால் படைக்கல உரிமம் பற்றி யோசிக்க வேண்டும் என்பதால் இதை எப்போதும் கேட்பேன். பிடி கடைந்தெடுத்த பித்தளையா, வார்ப்பா? "7 இன்ச், சாலிட் பித்தளை சார், ஜெனியூன் பீஸ்" என்று பதில் வந்தது. அந்தச் செய்தியை இத்துடன் இணைத்திருக்கிறேன். நீளம் மட்டும் உண்மை.

இந்தக் கத்தியின் வரலாறு ஒளிவுமறைவானதல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோ வீரர்களுக்காக, ஷாங்காய் நகரக் காவல்துறையில் இருந்த ஃபேர்பேர்ன், சைக்ஸ் இருவரும் வடிவமைக்க, இங்கிலாந்தின் வாள் தயாரிப்பு நிறுவனமான வில்கின்சன் 1941 ஜனவரியில் முதல் தொகுதியைக் கொடுத்தது. முதல் வடிவத்தில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குப் பட்டை, அதாவது கார்டு, 'எஸ்' போல வளைந்திருக்கும். இரண்டாம் வடிவத்தில் அது நேராகிவிட்டது. பிடி பித்தளை, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்ட சொரசொரப்பு. 1943-இல் வந்த மூன்றாம் வடிவத்தில்தான் பிடியைச் சுற்றி வளையம் வளையமாக வரிகள் இருக்கும். பித்தளை போய்த் துத்தநாகக் கலவை வார்ப்பு வந்ததும் அப்போதுதான். போர் முடிந்த பிறகும் அந்த வடிவம் தொடர்ந்து தயாரானது.

என்னிடம் வந்தது வளைய வரிப் பிடி. கறுப்புப் பூச்சு தேய்ந்த இடத்தில் செம்பு தெரிகிறது, செம்பும் தேய்ந்த இடத்தில் வெள்ளை உலோகம் தெரிகிறது. பித்தளையாக இருந்தால் மஞ்சள் அல்லவா தெரிய வேண்டும்? பிடியின் நுனியில் புடைத்து நிற்கும் '3' என்ற எண்ணை "வீரரின் படைப்பிரிவு எண்" என்று உங்கள் ஊழியர் சொன்னார். அது வார்ப்பு அச்சின் எண். வெட்டிப் பதித்த எண் குழிவாக இருக்கும், அச்சிலிருந்து வந்த எண் புடைத்திருக்கும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

கார்டின் மேல் 'இங்கிலாந்து' என்ற முத்திரை இருக்கிறது. போருக்குப் பின் வெளிநாட்டு விற்பனைக்காகச் செய்த கத்திகளில் காணும் முத்திரை அது. நீங்கள் போட்டிருந்த மூன்று படங்களிலும் கார்டின் அந்தப் பக்கம் மட்டும் விழவில்லை. இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

எனக்கு மிகவும் வலித்தது அலகின் நிலைதான். யாரோ பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள். இந்தக் கத்தியின் அழகே அலகின் நடுவே ஓடும் கூரான முதுகு வரிதான். அது மழுங்கி, சோப்பு போல வழவழவென்று இருக்கிறது. வில்கின்சன் பெயர் அலகில் பொறித்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. தேய்த்ததில் அழிந்ததா, முதலிலிருந்தே இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு பொருளின் வயதுக்கான சாட்சியத்தை அழித்துவிட்டு அதை "யாரும் கை வைக்காத நிலை" என்று எப்படி எழுத மனம் வந்தது?

உறையும் புதியது. குன்னூர் பஜாரில் தெரிந்த கடைக்காரரிடம் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை வாங்கி இருட்டில் பிடித்துப் பார்த்தேன். தையல் நூல் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. பழைய பருத்தி, சணல் நூல்கள் பொதுவாக அப்படி ஒளிர்வதில்லை, வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்த இந்தக் கால நூல்தான் அப்படி ஒளிரும்.

அப்புறம் அந்த அதிகாரி கதை. நான் குடியிருப்பதே வெலிங்டனில். அவர் எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு இங்கே இருந்தார், ஒரு கடிதமோ புகைப்படமோ உண்டா என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. என் தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து பர்மா போய் வந்தவர். அவருடைய மடக்குக் கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் ராணுவப் பொருள் என்பதைக் காட்டும் அகல அம்பு முத்திரை, கீழே 1943. முத்திரை பார்க்கக் கற்றுக்கொண்டதே அந்தக் கத்தியில்தான். இந்த ஊரின் பெயரைச் சொல்லி விலையை ஏற்றுவது அவரைப் போன்றவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்றே நினைக்கிறேன்.

"மூன்றாம் வடிவம், போருக்குப் பிந்தையது, பாலிஷ் செய்யப்பட்டது, உறை புதியது" என்று நேர்மையாக எழுதி அதற்குரிய விலை வைத்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்படிப்பட்ட கத்திகளும் என் சேகரிப்பில் உண்டு.

பழம்பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைப்பதும் அதே விதிகளின்படி உங்கள் பொறுப்பு. 38,000 ரூபாயையும் கூரியர் செலவையும் திருப்பித் தாருங்கள். இந்தக் கத்தியை அதே விவரத்தோடு அடுத்தவருக்கு விற்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். பணத்தைவிட இது எனக்கு முக்கியம். தீர்வு இல்லையென்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

கத்தியை உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். எங்கள் மலை ஈரத்தில் தோலுறைக்குள் விட்டால் துரு ஏறிவிடும். உங்கள் ஆள் எந்த நாளில் வந்தாலும் வந்த நிலையிலேயே பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பதில்கள், பிடி, கார்டு, அலகு, உறைத் தையல் ஆகியவற்றின் படங்கள்.