ஹெர்சல் சாலையில் ஒரு மேசை

ஜெருசலேம் மாநகராட்சி மன்றத்தில் இருக்கும் சமயக் கட்சி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உங்கள் ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் உங்கள் கட்சிக்காரர் ஒருவர் தொடங்கிய அமைப்பு இல்லாமல் என் வேலையை நான் ஒழுங்காகச் செய்திருக்கவே முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பார்த்துக்கொண்ட பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, அவருடைய மகள் என்னை ஹெர்சல் சாலையில் உள்ள யத் சாராவுக்குக் கூட்டிப் போனார். நோயாளிகளுக்கு வேண்டிய கருவிகளை இரவல் கொடுக்கும் அமைப்பு அது. மேசைக்குப் பின்னால் வயதான தன்னார்வலர் ஒருவர். வாடகை கிடையாது, முன்பணமாக ஒரு காசோலை மட்டும். சக்கர நாற்காலியைத் தருவதற்கு முன் பிரேக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பாட்டி எவ்வளவு உயரம் என்று கேட்டு, கால் வைக்கும் பலகையை ஏற்றி வைத்தார். பதினான்கு மாதம் கழித்து, பாட்டி போன பிறகு, அதைத் திருப்பிக் கொடுக்க நான் தனியாகப் போனேன். அதே பெரியவர். நாற்காலியை ஓரமாக நிறுத்திவிட்டு முதலில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அப்புறம்தான் காசோலையைத் தேடி எடுத்துத் தந்தார். கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வந்தது. யாரும் யாருக்கும் கடன்படவில்லை.

அந்த மேசையைப் போட்டவர் ஊரி லுபோலியான்ஸ்கி. இளம் ஆசிரியராக இருந்தபோது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் ஆவி பிடிக்கும் கருவியைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதில் பிறந்த யோசனை. 1976-இல் தொடங்கி, நாஜிகள் கொன்ற தன் பாட்டி சாராவின் பெயரை அதற்கு வைத்தார். 1994-இல் அமைப்புக்கு இஸ்ரேல் பரிசு கிடைத்தது.

1989-இல் அவர் மாநகராட்சிக்குள் வந்தார். எஹுத் ஓல்மெர்ட் மேயராக இருந்த காலத்தில் கட்டட அனுமதிகளைப் பார்க்கும் உள்ளூர்த் திட்டக் குழுவுக்குத் தலைவர். 2003-இல் ஓல்மெர்ட் விலகியதும் பொறுப்பு மேயர். அதே ஜூனில் தேர்தலில் வென்று இந்த நகரத்தின் முதல் ஹரேதி, அதாவது கடும் ஆசார யூத, மேயர். 2008-இல் கட்சிக் கூட்டணிக்குள் இருந்த ஒப்பந்தப்படி, மேயர் தேர்தலில் நிற்க மெயிர் போருஷுக்கு வழிவிட்டார். போருஷ் தோற்றுப்போனார்.

பிறகு ஹோலிலேண்ட் வழக்கு. தென்மேற்கே அந்தக் குன்றின் மேல் வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகளை மல்ஹா பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அவற்றின் அனுமதிக்காகக் கட்டுமானக்காரர்கள் கொடுத்ததில் ஒரு பங்கு யத் சாராவுக்கு நன்கொடையாகப் போனது என்றும், அது லஞ்சம் என்றும் 2014-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லுபோலியான்ஸ்கிக்கு ஆறாண்டுச் சிறை. 2015-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய உடல்நிலையைப் பார்த்து அதைச் சமூக சேவையாகக் குறைத்தது.

"தனக்கென்று எடுத்தாரா? தர்மத்துக்குத்தானே போனது?" உங்கள் தெருக்களில் நான் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனசு கனக்கும், ஏனென்றால் அவர் செய்த நன்மையை என் கையால் தொட்டவள் நான். ஆனால் பாட்டியின் மகள் கொடுத்த காசோலை திரும்பி வந்துவிட்டது. கட்டுமானக்காரர் கொடுத்தது திரும்பவே இல்லை. அதற்குப் பதிலாகக் குன்றின் மேல் மாடிகள் எழும்பின. அதே குழுவின் முன்னால் தன் வீட்டுக்கு ஒரு அறை சேர்க்க மனுவோடு காத்திருந்தவருக்கு நன்கொடை கொடுக்க வழி இருந்திருக்காது. ஸெதாகா என்று நீங்கள் சொல்லும் தர்மத்தின் பெயரால் அவரைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

உங்களில் பலர் ஏதாவது ஒரு தர்ம அமைப்போடு, யெஷிவா என்ற வேதப் பள்ளியோடு, இலவச உணவுக்கூடத்தோடு சேர்ந்து வளர்ந்தவர்கள். அது குற்றமில்லை, அந்த வழியாகத்தான் ஏழைகளின் வாசல் உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது இதுதான். திட்டக் குழுவின் முன் கோப்பு வைத்திருக்கும் யாரிடமிருந்தும், உறுப்பினர் ஒருவர் நடத்தும் அமைப்பு நன்கொடை வாங்கக் கூடாது என்று நீங்களே முன்வந்து உறுதி எடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், அந்தக் கோப்பு வரும் நாளில் அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியே போகட்டும். யார், எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள் என்பது கூட்ட நிகழ்ச்சி நிரலோடு சேர்த்து ஹீப்ருவிலும் அரபியிலும் வெளியாகட்டும்.

எதிர்க்கட்சி கேட்டு நீங்கள் செய்தால் அது சண்டையாகிவிடும். லுபோலியான்ஸ்கியின் கட்சியே முதலில் எழுந்து முன்மொழிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இப்போது வேறொரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். குளிர்காலம் வருவதற்குள் அவருக்கு ஒரு வாக்கர் வேண்டும். வரும் ஞாயிறு ஹெர்சல் சாலைக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி