நித்திரையில் முப்பத்தொன்பது

திருகோணமலை
ஞாயிறு இரவு

அன்பின் சிவா,

சித்திரையில் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். மணி அண்ணை உப்புவெளி வீட்டைக் கட்டி முடித்துவிட்டார், குடிபூரலுக்கு நீ வரவில்லை என்று இன்னும் குறை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். மகள் வாங்கித் தந்த கைக்கடிகாரம் இரவிலும் இதயத்துடிப்பை எண்ணும். ஒரு நாள் காலையில் பார்த்தால், விடியப்புறம் மூன்று மணிக்கு 39 என்று கிடந்தது. அடுத்த இரவு கண் விழித்தபோது வசந்தி டோர்ச் வெளிச்சத்தில் என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, மேசை மணிக்கூட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. "நாற்பத்திரண்டு" என்றாள். பிறகு இருவருக்கும் நித்திரை வரவில்லை.

டொக்டர் முதலில் கேட்டது கடிகாரத்தைப் பற்றி அல்ல. மயங்கி விழுந்தாயா, தலை சுற்றுகிறதா, மூச்சு வாங்குகிறதா, என்ன குளிசை போடுகிறாய் என்றுதான் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். டச் பேயில் தினமும் நீந்துகிறவன் என்றதும் தலையை ஆட்டினார். ஆனாலும் விடவில்லை. ஈசிஜி எடுத்தார், தைரொயிட்டுக்கு இரத்தம் எடுத்தார், நெஞ்சில் வயர்களை ஒட்டி துடிப்பைப் பதிகிற ஹோல்டர் பெட்டியை ஒரு நாள் முழுக்க இடுப்பில் கட்டிவிட்டார். மாடிப்படி ஏற வைத்தும் பார்த்தார். துடிப்பு நூற்றைத் தாண்டியது. வேண்டிய நேரம் இதயம் வேகமெடுக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

எல்லாம் நல்லது, மச்சான். நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை என்கிறார்களே, அது விழித்தபடி சும்மா இருக்கும் வளர்ந்த ஆளுக்கான கணக்கு. ஆழ்ந்த நித்திரையில், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. பயிற்சி உள்ள உடம்பில் துடிப்பு 40க்குக் கீழேயும் இறங்கலாம். பயிற்சியால் இதயம் ஒரு தரத்தில் கூடுதலாக இரத்தம் தள்ளவும் பழகிவிடுகிறது. நிமிடத்துக்கு ஐந்து லீட்டர் வேண்டுமென்றால், 70 மில்லிலீட்டர் தள்ளுகிற இதயம் எழுபது தரத்துக்கு மேல் அடிக்கவேண்டும். 100 தள்ளுகிறதுக்கு ஐம்பது போதும். நித்திரையில் அந்த ஐந்து லீட்டரும் தேவையில்லை. நம் கரையில் பார்த்திருப்பாயே, பழகினவன் துடுப்பை நீளமாக ஒரு தரம் இழுக்க வள்ளம் தானாகப் போகும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், உன் கடிதத்தின் கடைசி வரிதான் காரணம். "என்னுடையதும் இரவில் 44, நானும் விளையாட்டு வீரன்தான்" என்று எழுதியிருந்தாய். ஏழே வெந்நீர்க் கிணறு உள்ள கன்னியாவில் எட்டாவது கிணறு கண்டவன் நீ, உன் எண்ணிக்கையை நான் எப்போது நம்பினேன்! ஆனால் இதை நம்புகிறேன், அதுதான் பயம். நீ கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்து மைதானத்தில். உன் குறட்டை திடீரென நின்று, மூச்சு அடைபட்டு, பிறகு திடுக்கிட்டு இழுக்கிறாய் என்று வசந்தியிடம் உன் மனைவி அழுதிருக்கிறாள். மூச்சு அப்படி அடைபடும்போதும் இதயம் மெதுவாகும். நீ போடுகிற பிறஷர் குளிசையும் துடிப்பைக் குறைக்கிற வகையாக இருக்கலாம். எழும்பும்போது தலை சுற்றுகிறது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த எண் உடம்பின் சுகம். உனக்கு அது என்னவென்று பார்க்காமல் சொல்ல முடியாது.

குளிசையை நீயாக நிறுத்திவிடாதே. குளிசை மட்டையை அப்படியே டொக்டரிடம் காட்டு, குறட்டையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. இடையில் மயக்கம் வந்தால் எனக்காகக் காத்திருக்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

வரும் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வவுனியாவுக்கு வருகிறேன். இருவருமாகவே போவோம். வசந்தி கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். அது உன் மனைவிக்கு, உப்பு உனக்கு ஆகாது.

உன்,
யோகன்