சின்னவனின் இடக்கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

வியாசர்பாடியிலிருந்து அப்பா எழுதுகிறேன். உன் பிள்ளை, நம் சின்னவன், எதற்கும் இடக்கையையே நீட்டுகிறானே, ஆட்டிசமாக இருக்குமோ என்று நேற்றிரவு போனில் நீ அழுததிலிருந்து தையல் மெஷினில் கால் வைக்க மனம் வரவில்லை.

நீ அனுப்பிய செய்தியை இரண்டு முறை படித்தேன். ஆட்டிசம் உள்ளவர்களிடையே இடக்கைக்காரர்களும் இரண்டு கையையும் மாற்றிப் பயன்படுத்துபவர்களும் ஏறக்குறைய 3.5 மடங்கு அதிகம் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் சொல்லியிருக்கிறார்கள். சரி, தொடர்பு இருக்கிறது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார். 1,000 குழந்தைகளில் சுமார் 100 பேர் இடக்கைக்காரர்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் சுமார் 10 பேர். அந்த 10 பேருமே இடக்கைக்காரர்கள் என்று வைத்துக்கொண்டாலும் மீதி 90 பேர் உன் அப்பனைப் போலத்தான்.

என் கையை நீ கவனித்திருக்கிறாயா? எனக்கும் பீச்சாங்கைப் பழக்கம்தான். கடைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகித் துணி மடங்கும், சாக்பீஸ் கோடும் மறையும். அதனால் வெட்டுவதற்கு மட்டும் வலக்கையைப் பழக்கினேன். காஜா எடுப்பது இன்றும் இடக்கைதான். இந்தப் பழக்கம் குடும்பத்தில் ஓரளவு தொடர்ந்து வருவது. கரண்டியைப் பிடுங்கி வலக்கையில் திணிக்க வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் நானே பேசுகிறேன்.

என்னை உறுத்துவது அவன் பேச்சு. இரண்டு வயது முடிந்தும் நாலைந்து சொல்தான் என்றாயே, அதைக் காட்ட வேண்டும். "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும்" என்று எதிர்வீட்டுப் பையனுக்கும் சொன்னார்கள். நானும் சொன்னேன். வலக்கைக்காரன் அவன். ஆட்டிசம் என்று தெரிவதற்குள் ஆறு வயதாகிவிட்டது. பயிற்சிக்குக் கிடைத்திருக்க வேண்டிய அத்தனை ஆண்டுகளும் போயின. அப்படிச் சொன்ன என் வாய்க்காக இன்றும் வருந்துகிறேன்.

முதலில் காது பரிசோதனை செய். பேர் சொன்னால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா என்று டாக்டர் கேட்பார்; கவனித்து எழுதி வை. போன வாரம் வீடியோவில் ஜன்னல் காக்கையை இடக்கை விரலால் காட்டிவிட்டு, நீ பார்த்தாயா என்று உன் முகத்தைத் திரும்பிப் பார்த்தானே, அதையும் சொல். எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாள் கடத்தாதே. ஆட்டிசம் என்றே சொன்னாலும் அவன் நம் சின்னவன். பயிற்சிக்கு நான் தூக்கிக்கொண்டு போகிறேன்.

எந்த ரயில் என்று எழுது. சென்ட்ரல் வரை போகாதே, பெரம்பூரிலேயே இறங்கு. பிளாட்பாரத்தில் நிற்பேன்.

அப்பா