ரீல்ஸைத் தடைசெய்யச் சொல்வோருக்கு யாங்கூனிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறுங்காணொளிச் செயலிகள் அனைத்தையும் ஒரே உத்தரவில் இழுத்து மூட வேண்டும் என்று தங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை இணையப் பதிப்பில் படித்தேன். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், மூடினால் என்ன நடக்கும் என்பதைக் கற்பனை செய்து பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மியான்மரில், அதாவது பழைய பர்மாவில், யாங்கூனில் போன் கடை வைத்திருக்கும் தமிழன் நான். ரீசார்ஜ், உடைந்த திரை மாற்றுவது, சார்ஜர் விற்பது, இவைதாம் என் பிழைப்பு.

தங்கள் ஊரில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தரவிறக்கம் செய்யத் தடை விதித்தது. அதே மாதம் தடை நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது டிக்டாக் நிரந்தரமாகப் போயிற்று. போன இடம் காலியாகவா கிடந்தது? இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் ஜூலையிலேயே வந்தது, யூடியூப் ஷார்ட்ஸ் செப்டம்பரில் வந்தது. பழைய ஆட்டம், பழைய பாட்டு, புதிய கடை. எங்கள் நாட்டில் இதற்கு நேர்மாறு. 2021 பிப்ரவரியில் பேஸ்புக்கும் அதையடுத்து இன்ஸ்டாகிராமும் தடுக்கப்பட்டன. எங்கள் பிள்ளைகள் டிக்டாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். தடையைத் தாண்டிப் பார்க்க உதவும் வி.பி.என். போட்டுத் தரச் சொல்லி என் கடைக்கு வருபவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

இரண்டு தடைகளும் சேர்ந்து செய்த வேடிக்கையைத் தமிழ்நாட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் ரீல்ஸில் இருக்கிறீர்கள், நாங்கள் டிக்டாக்கில் இருக்கிறோம். அதனால் எங்கள் பிள்ளைகள் நாள் முழுவதும் கேட்கும் தமிழ் பெரும்பாலும் தஞ்சாவூர்த் தமிழோ மதுரைத் தமிழோ அல்ல. மலேசியத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், பாரிசிலும் டொராண்டோவிலும் இருந்து பேசுகிறவர்களின் தமிழ். என் கடைக்கு வரும் ஒரு பெண் எதைக் கேட்டாலும், 'ஆம்' என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்வது போல, 'ஓம்' என்று பதில் சொல்கிறாள். பேத்திக்குப் பக்தி வந்துவிட்டது என்று அவளுடைய பாட்டி சந்தோஷமாக இருக்கிறார். நான் கெடுக்கவில்லை.

ஆகவே, இதில் ஒன்றுமே நன்மை இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு இங்கே தமிழ் எழுத்துக்கு மிஞ்சியது பெரும்பாலும் கோயில் மண்டபமும் வீட்டுத் திண்ணையும்தான். நான் மண்டபத்தில் படித்தவன். இன்றைய பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் பர்மிய மொழி படிக்கிறார்கள், தமிழ் எழுத்து தெரியாமலே வளர்கிறார்கள். அவர்களுக்குப் பத்திரிகை எட்டாது, புத்தகம் எட்டாது. ஒரு நிமிட வீடியோ எட்டுகிறது. பெரியவர்களுக்கும் அப்படித்தான். 1960களில் இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் சென்னை பர்மா பஜார்ப் பக்கம் போட்ட அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளை யாரோ படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். திரை மாற்ற வந்த ஒரு மூதாட்டி, வேலை முடிந்த பிறகும் போகாமல் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு சிவப்பாக யார் சாப்பிடுவார்கள்?" என்று கடிந்துகொண்டே, பின்னால் நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். அவருடைய அக்கா குடும்பம் அந்தக் கப்பல்களில் ஒன்றில் போனது.

இனி கெடுதலைச் சொல்கிறேன். நேரம் போகிறது, கண் கெடுகிறது என்பதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். காசு போவதை என்னிடம் கேளுங்கள். "நேற்றுப் போட்ட டேட்டா அதற்குள் எப்படித் தீரும்?" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. ஒரு வீடியோ ஓடும்போதே அடுத்தவற்றையும் செயலி இறக்கி வைத்துக்கொள்கிறது. பார்க்காமல் தள்ளிவிட்டாலும் காசு போனது போனதுதான். டேட்டா சேமிக்கும் வசதி அமைப்புக்குள்ளேயே இருக்கிறது, கேட்டு வருபவர்களுக்கு இலவசமாகவே போட்டுக் கொடுக்கிறேன். மின்சாரம் முறை வைத்து வரும் ஊர் இது. வந்தவுடன் முதலில் தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள், அடுத்தது போன்.

எனக்குப் பெரிய கவலை வேறு. எங்கள் கோயில் திருவிழாவில் உருமி அடிக்க ஆசைப்படும் ஒரு பையன் இருக்கிறான். யாரோ ஒருவர் உருமிக் குச்சியைத் தோலில் எப்படித் தேய்ப்பது என்று நிதானமாகச் சொல்லித் தந்த வீடியோ ஒரு தடவை அவன் கண்ணில் பட்டிருக்கிறது. விரல் பட்டு அது மேலே போய்விட்டது, திரும்பக் கிடைக்கவில்லை. பர்மிய எழுத்தில் தேடினான், பர்மிய மேளங்கள் வந்தன. வாயால் சொல்லித் தேடினான், எங்கள் வீட்டுத் தமிழ் அந்த இயந்திரத்துக்கு விளங்கவில்லை. "மாமா, நீங்கள் தேடுங்கள்" என்று போனை நீட்டினான். 'உருமி மேளம் பயிற்சி' என்று தட்டினேன். வரிசையாக வந்து நின்றன. அவன் என் மேஜையில் கிடந்த பில் ஒன்றைத் திருப்பி, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்துகொண்டான். 'மே'யின் கொம்பு மட்டும் இடம்மாறி விழுந்தது.

எழுத்து தெரிந்தவன் தேடுகிறான். தெரியாதவனுக்குச் செயலி போடுவதுதான் சாப்பாடு. எதில் விரல் நின்றது, எதைக் கடைசிவரை பார்த்தான் என்று கணக்கெடுத்து, அவனை அங்கேயே உட்கார வைப்பது எதுவோ அதையே மேலும் போடுவார்கள். உருமி பார்த்த அந்தப் பையனுக்கு அடுத்து என்ன வந்தது தெரியுமா? அரிவாள், கார் ஊர்வலம், சாதிப் பெருமைப் பாட்டு. தமிழ்நாட்டு ரீல்ஸை யாரோ இறக்கி டிக்டாக்கில் ஏற்றியவை. "மாமா, நாம் எந்த ஆளுங்க?" என்று கேட்டான். இந்த மண்ணில் ஒரே கோயிலில் கூழ் குடித்து வளர்ந்த பிள்ளைகள் கேட்டுப் பழகிய கேள்வி அல்ல இது. எனக்கு அன்று வந்த கோபம் தங்கள் வாசகரின் கோபத்துக்குக் குறைந்ததல்ல.

வேலை விளம்பரங்களும் இந்த வழியில்தான் நுழைகின்றன. சமூக ஊடகங்களில் வந்த வேலையை நம்பித் தாய்லாந்துக்குக் கிளம்பியவர்கள் எங்கள் எல்லையில் மியாவடிப் பக்கத்து இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டதும், 2025 மார்ச்சில் இந்தியர் 500க்கும் மேற்பட்டோர் விமானப்படை விமானங்களில் திரும்பியதும் தங்கள் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்த செய்திதான். நிறுவனத்தின் பெயரைத் தட்டித் தேடிப் பார்க்கத் தெரிந்தவன் ஒரு நிமிடமாவது தயங்குவான்.

தடைக்குப் பதிலாக நான் கேட்பது சிறியது. தமிழ்நாட்டில் வீடியோ போடுகிறவர்கள், தங்கள் பத்திரிகை உட்பட, திரையில் ஓடும் வாசகத்தைத் தமிழ் எழுத்திலேயே போடுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் போடும் பழக்கம் அங்கே எப்படியோ வேரூன்றிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு அதனால் தமிழ் எழுத்தும் கிடைப்பதில்லை, ஆங்கிலமும் கிடைப்பதில்லை. பேசப் பேச அந்தச் சொல் பெரிய எழுத்தில் ஓடினால், காதுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லைக் கண்ணும் பிடித்துக்கொள்ளும். தலையங்கத்தின் முதல் பத்தியை யாராவது ஒருவர் நிறுத்தி வாசித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். அதை ஷார்ட்ஸிலும் போடுங்கள், இன்ஸ்டாகிராமோடு நின்றுவிட்டால் எங்களுக்கு வராது.

இங்கே எங்கள் கோயில் நிர்வாகத்தாரிடமும் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் முதல் பாடமாகப் போனில் தமிழ் விசைப்பலகையைப் போட்டு, அவரவர் பெயரைத் தட்டச் சொல்லித்தர வேண்டும். போன்களில் விசைப்பலகையை நான் போட்டுத் தருகிறேன் என்றேன். மண்டபத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்ற பலகையைப் போன வருடம்தான் செலவு செய்து மாட்டினோமே என்று தலைவர் யோசிக்கிறார். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
போன் கடைக்காரர்,
யாங்கூன்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)