ஆறு நீளத்தில் வென்றது சரி, எந்தத் தரையில் வென்றது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், ஐரோப்பாவில் ஆறு நீள (ஒரு நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்) வித்தியாசத்தில் வென்ற ஒரு இரண்டு வயதுக் குதிரையைப் பற்றிய குறிப்பைப் பார்த்தேன். தகப்பன் அமெரிக்கக் குதிரை, அதனால் அமெரிக்க மண்தரை அதற்குப் பிரச்சினையே இல்லை, வருகிற மே மாதம் மூன்று வயதுக் குதிரைகளுக்கான அமெரிக்காவின் பெரிய ஓட்டமான கெண்டக்கி டெர்பி அதற்குத்தான் என்று முடித்திருந்தார்கள். குதிரையின் பெயரை நான் திரும்ப எழுதவில்லை, ஏனென்றால் அந்தக் குதிரை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, பார்த்தவரைக்கும் நல்ல குதிரைதான். குறை அந்தக் கணக்கில் இருக்கிறது. ஆறு நீளம் என்று எழுதியவர் அது புல்தரையில் ஓடிய ஓட்டம் என்பதை ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை.

கிழக்கில் நாங்கள் குதிரை பார்த்துப் பழகிய கண் புல்தரைக் கண். ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போனால் அங்கே ஓடுவது புல்லில், இங்கே ரேஸ் புக்கிக் கடைகளின் தொலைக்காட்சியில் ஓடும் இங்கிலாந்து ஓட்டங்களில் பெரியவை எல்லாமே புல்லில். அமெரிக்காவில் நிலைமை வேறு. கெண்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மொன்ட், வருட முடிவில் வரும் பிரீடர்ஸ் கப் கிளாசிக், எல்லாம் மண்ணில். மணலும் வண்டலும் களியும் கலந்து, அடியில் இறுகிய தளம், மேலே சில அங்குல ஆழத்துக்குக் கிளறிவிட்ட மண். கல்லடிக் கடற்கரையில் காய்ந்த மணலில் ஓடிவிட்டு அப்படியே பள்ளிக்கூட மைதானத்துப் புல்லில் ஓடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். புல்லில் கால் பிடிக்கும், மணலில் உதைக்கும்போது தரை பின்னால் போகும். குதிரைக்கும் அதேதான், குளம்பு இறங்கும்போது கொஞ்சம் வழுக்கும், உந்தி எழும்பும்போது மேல்மண் உடைந்து பறக்கும். புல்லில் கடைசி 400 மீற்றரில் சட்டென்று வேகத்தை மாற்றுகிற குதிரைக்கு மண்ணில் அந்த மாற்றம் வராமலே போகலாம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஓட்டத்தின் ஒழுங்கு. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஆரம்பத்தில் நிதானமாகப் போவார்கள், குதிரை மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டு கடைசியில் பாயும். அமெரிக்க மண்ணில் புறப்படும் கேட் திறந்த நிமிடமே சண்டை தொடங்கிவிடும். 2022 கெண்டக்கி டெர்பியில் முதல் கால் மைல் 21.78 விநாடி, அரை மைல் 45.36 விநாடி. அந்த வேகத்தில் முன்னால் இழுத்துக்கொண்டு போனது டுபாயிலிருந்து வந்த சமர் இஸ் டுமாரோ, முடிவில் அது கடைசி இடத்துக்குப் போனது. வென்றது 80-க்கு 1 என்ற பந்தய விலையில் யாரும் கணக்கில் எடுக்காத ரிச் ஸ்ட்ரைக், பின்னாலிருந்து வந்து உள்பக்கத்தால் நுழைந்தது. அதைப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து வருவதும் மண்ணில் சாத்தியம்தானே என்று கேட்பீர்கள். சாத்தியம்தான், ஆனால் பின்னால் ஓடுகிற குதிரைக்கு முன்னால் போகிறவை எறிகிற மண் முழுக்க முகத்திலும் நெஞ்சிலும் விழும். ஜொக்கிகள் கண்ணாடிக்கு மேல் கண்ணாடியாகப் பலதை ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு, அழுக்கானதை ஒவ்வொன்றாகக் கழுத்துக்கு இழுத்து விடுவார்கள். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. வாழ்நாளில் ஒருதரமும் முகத்தில் மண் வாங்காத குதிரை தலையைத் தூக்கும், வெளிப்பக்கம் ஒதுங்கும், ஓட மனமில்லாமல் போகும்.

தகப்பன் அமெரிக்கக் குதிரை என்ற வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் குறிப்பு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. 2024-ல் சிட்டி ஒஃப் ட்ரோய் என்ற ஐரோப்பியக் குதிரைக்கும் இதே வாதத்தைத்தான் சொன்னார்கள். தகப்பன் ஜஸ்டிஃபை, 2018-ல் தோல்வியே இல்லாமல் அமெரிக்க மும்முடி (கெண்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மொன்ட் மூன்றும்) வென்ற குதிரை. மகன் எப்சம் டெர்பி வென்றது, எக்லிப்ஸ் வென்றது, யோர்க்கில் ஆரம்பம் முதல் முடிவு வரை முன்னால் நின்று தடத்தின் நேர சாதனையையும் உடைத்தது. பயிற்றுவிப்பாளர் ஏடன் ஓப்ரயன் செப்டம்பரில் அதை இங்கிலாந்தின் சவுத்வெல் மைதானத்துக்குக் கொண்டுபோய், அமெரிக்காவில் போலக் கேட்டிலிருந்து பாய வைத்துப் பழக்கியும் பார்த்தார். நவம்பரில் கலிபோர்னியாவின் டெல் மாரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக் ஓடியபோது எங்களுக்கு ஞாயிறு அதிகாலை மூன்று மணி தாண்டிவிட்டது. வெளியே மாரி மழை, கைத்தொலைபேசியில்தான் பார்த்தேன். கேட் திறந்த அந்த இரண்டு மூன்று விநாடியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. மற்றவை பாய்ந்துவிட்டன, இது இன்னும் கால் எடுத்துக்கொண்டிருந்தது, உள்பக்கத்தில் மாட்டிக்கொண்டது, அதன் பிறகு முன்னணிக்குக் கிட்டவே வரவில்லை. 14 குதிரையில் எட்டாம் இடம்.

தகப்பனைப் பற்றி அவ்வளவு கதைத்தவர்கள் தாயைப் பற்றிக் கதைக்கவில்லை. தாய் டுகெதர் ஃபொரெவர், புல்தரையில் பேர்போன கலிலியோவின் மகள், சுத்தமான புல்தரை இரத்தம். அந்தக் கலிலியோவே 2001 கிளாசிக்கில் ஆறாவதாகத்தான் வந்தது. சவுத்வெல் பயிற்சியும் மண்ணில் நடந்ததல்ல. அங்கே இப்போது இருப்பது மெழுகு பூசிய மணலில் போட்ட செயற்கைத் தரை, அதில் பறக்கிற துணுக்கும் அமெரிக்க மண்ணும் ஒன்றாகாது. செயற்கைத் தரையையும் மண்தரையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது எங்கள் பக்கத்து இரசிகர்களிடம் நிறைய இருக்கிறது. 2008 கிளாசிக்கில் ரேவன்ஸ் பாஸ், ஹென்றி த நேவிகேட்டர் என்று ஐரோப்பியக் குதிரைகள் முதல் இரண்டு இடத்தையும் எடுத்ததை இன்றைக்கும் உதாரணம் காட்டுவார்கள். அந்த வருடம் கிளாசிக் நடந்த சான்டா அனிட்டாவில் செயற்கைத் தரை போட்டிருந்தார்கள், 2010-ல் அதை எடுத்துவிட்டுத் திரும்ப மண் போட்டார்கள். அந்த வெற்றியை வைத்து மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

மண்ணில் உண்மையாகவே பிரமிக்க வைத்த ஐரோப்பியக் குதிரை என்றால் என் மனதில் முதலில் வருவது அராசி. 1991-ல் சர்ச்சில் டவுன்ஸில் நடந்த பிரீடர்ஸ் கப் ஜுவனைல் (இரண்டு வயதுக் குதிரைகளின் ஓட்டம்) காணொளி இன்றைக்கும் கிடைக்கும், பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். வெளிப்பக்கம் 14-ஆம் இலக்கத்திலிருந்து புறப்பட்டு, முதல் வளைவில் கிட்டத்தட்டக் கடைசியில் நிற்கிறது. பிறகு பின்நேர்ப்பாதையில் மற்றக் குதிரைகளுக்கு நடுவில் இடமும் வலமுமாக நுழைந்து நுழைந்து வருகிறது, மற்றவை நின்றுகொண்டிருப்பது போலத் தெரியும், கடைசி வளைவில் முன்னால் போன பெர்ட்ராண்டோவைத் தாண்டி, ஜொக்கி இழுத்துப் பிடித்தபடி சுமார் ஐந்து நீளத்தில் வெல்கிறது. இவ்வளவையும் செய்த குதிரை அடுத்த மே மாதம் அதே மைதானத்தில் கெண்டக்கி டெர்பியில் எட்டாவதாக வந்தது. நடுவில் இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை நடந்தது, அதற்குப் பிறகு ஒரே ஒரு ஓட்டம், அதுவும் பிரான்சில் புல்லில் ஒரு மைல், அதோடு நேரே கெண்டக்கி. ஜுவனைல் ஏறக்குறைய 1,700 மீற்றர், டெர்பி 2,000 மீற்றர். டெர்பியிலும் அதே போலப் பின்னாலிருந்து கிளம்பி வந்தது, ஆனால் கடைசி நேர்ப்பாதையில் காலில் ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு வயதில் மண்ணில் வென்ற குதிரைக்கே இந்தக் கதி. ஜொஹனஸ்பேர்க் என்ற ஐரோப்பியக் குதிரையும் அப்படித்தான், 2001-ல் ஜுவனைல் வென்று 2002 டெர்பியில் எட்டு. அராசி எட்டு, ஜொஹனஸ்பேர்க் எட்டு, சிட்டி ஒஃப் ட்ரோய் எட்டு. தற்செயல்தான், ஆனாலும் மனதில் நிற்கிறது.

கிட்ட வந்தவையும் உண்டு. 2000 கிளாசிக்கில் ஜயன்ட்ஸ் கோஸ்வே கழுத்தளவில் தோற்றது. அதன் தகப்பன் ஸ்டோர்ம் கெட், தாய் மரையாஸ் ஸ்டோர்ம் அமெரிக்க மண்ணில் பெரிய ஓட்டங்கள் வென்றவள், இரண்டு பக்கத்து இரத்தமும் மண்ணைச் சேர்ந்தது. அந்தக் கோடை முழுக்க ஐந்து குரூப் 1 (ஆக உயர்ந்த தர) ஓட்டங்களைத் தொடர்ந்து வென்றது, அநேகமானவற்றில் பக்கத்தில் இன்னொரு குதிரை வந்து முட்டிய பிறகுதான் இன்னும் இறுக்கி ஓடும். அந்தக் குணத்தை நான் இரத்தத்துக்கும் மேலாக வைப்பேன். அடுத்த வருடம் சாக்கீ மூக்களவில் தோற்றது. இரண்டு தரமும் வென்றது அமெரிக்கக் குதிரை டிஸ்னோ. 1993-ல் ஆர்காங் 133-க்கு 1 என்ற விலையில் கிளாசிக்கை வென்றதை எப்படி விளக்குவீர்கள் என்றால், என்னிடம் விளக்கம் இல்லை. அதன் தகப்பன் சகாஸ், பிரான்சின் பெரிய ஓட்டமான ஆர்க்கை வென்ற புல்தரைக் குதிரை, அதற்கும் அதுதான் முதல் மண்தரை ஓட்டம். ஆனால் ஐரோப்பாவில் பயிற்சி பெற்று மண்ணில் கிளாசிக் வென்றது அது ஒன்றுதான். ஒன்றை வைத்துச் சட்டம் எழுத முடியாது.

ஐரோப்பாவில் பயிற்சி பெற்று வந்து கெண்டக்கி டெர்பியை வென்ற குதிரை இன்றுவரை கிடையாது. ஆகக் கிட்ட வந்தது 1986-ல் இரண்டாம் இடம் பிடித்த போல்ட் அரேஞ்ச்மென்ட். அது என்ன செய்தது? டெர்பிக்கு முன்னமே கெண்டக்கிக்குப் போய், கீன்லண்டில் புளூகிராஸ் ஸ்டேக்ஸில் மண்ணில் ஓடி மூன்றாவதாக வந்து, மண்ணை முகத்தில் வாங்கிப் பழகிக்கொண்டு பிறகுதான் டெர்பிக்குப் போனது. ஜப்பான்காரர்களின் ஃபொரெவர் யங்கைப் பாருங்கள். தகப்பன் ரியல் ஸ்டீல் டுபாயில் புல்தரை ஓட்டம் வென்றது. தகப்பனை மட்டும் பார்த்திருந்தால் அதை மண்ணுக்கு அனுப்ப யோசித்திருப்பார்கள். ஆனால் சின்னதிலிருந்தே மண்ணில் ஓடி வளர்ந்தது. 2024 கெண்டக்கி டெர்பியில் முதல் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிய முடிவில் மூன்றாம் இடம், அதே வருடம் கிளாசிக்கில் மூன்றாம் இடம், 2025-ல் கிளாசிக்கையே வென்றது. இதனால்தான் சொல்கிறேன், இரத்தம் முதல் கேள்வி இல்லை, பழக்கம்தான் முதல் கேள்வி.

பழக்கத்திலும் எந்தப் பழக்கம் என்று பார்க்கவேண்டும். ஐரோப்பியக் குதிரை மெண்டல்சன் 2018-ல் டுபாய் மண்ணில் 18½ நீளத்தில் வென்றபோது எல்லாரும் கெண்டக்கி முடிந்தது என்றார்கள். அது ஆரம்பம் முதல் முன்னால் ஓடி வென்றது, முகத்தில் ஒரு துளி மண் விழவில்லை. கெண்டக்கியில் மழைச் சேறு, புறப்படும்போதே இடிபட்டுப் பின்னுக்குப் போய், 20 குதிரையில் கடைசி.

உங்கள் குறிப்பில் வந்த குதிரையை என்னிடம் கேட்டால் நான் பார்ப்பது இவ்வளவுதான். கேட்டிலிருந்து முதல் இரண்டு பர்லாங்கை (சுமார் 400 மீற்றர்) எப்படி ஓடுகிறது, கூட்டத்துக்குள் அடைபட்டால் ஓடுகிறதா ஒதுங்குகிறதா, தாய் வழியில் மண்ணில் ஓடியவர்கள் யாராவது உண்டா, டெர்பிக்கு முன் ஒருதரமாவது அமெரிக்க மண்ணில் அதை ஓட்டப் போகிறார்களா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், ஆறு நீளம் என்ன பதினாறு நீளம் என்றாலும் நான் அதைக் கெண்டக்கிக்கு அனுப்ப மாட்டேன். அதற்கு ஏற்ற ஓட்டங்கள் ஐரோப்பாவிலேயே போதுமான அளவு இருக்கின்றன.

இவ்வளவு எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜோர்ஜ் வொஷிங்டன் என்ற ஐரோப்பியக் குதிரை 2006 கிளாசிக்கில் மண்ணில் ஓடி ஆறாவதாக வந்தது. இனப்பெருக்கத்துக்கு அனுப்பி அது சரிவராமல், திரும்பவும் ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, 2007-ல் மொன்மத் பார்க்கில் மழையில் ஊறிய மண்ணில் திரும்பவும் கிளாசிக் ஓடவிட்டார்கள். கால் முறிந்து அந்த மைதானத்திலேயே அதன் உயிர் போனது. புல்லில் ஒரு மைலுக்கு அவ்வளவு அழகாக ஓடிய குதிரை. மண் அதற்குத் தோதில்லை என்பது முதல் வருடமே தெரிந்திருந்தது என்பது என் எண்ணம், அந்த ஓட்டத்தை என்னால் இப்போதும் முழுதாகப் பார்க்க முடியாது. எந்தத் தரைக்கு எந்தக் குதிரை என்பது பந்தயக் காசுக்காக மட்டும் பார்க்கிற கணக்காக இருக்கக் கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனிமேல் குதிரைப் பந்தயச் செய்தி போடும்போது குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் தரை, தூரம் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். புல், மண், செயற்கை என்று ஒரு சொல் போதும், இடமும் அதிகம் போகாது. ஏஜென்சிச் செய்தியில் அந்த விவரம் அநேகமாக இருக்கும், தமிழாக்கும்போதுதான் விட்டுப்போகிறது. டெர்பி நேரத்தில் முடிந்தால் மழையையும் தடத்தின் நிலையையும் ஒரு வரியில் சொல்லுங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் காசு கட்டாமல் குதிரைக்காகவே அந்தப் பக்கத்தைத் திருப்புகிற வாசகர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.