ஓலையோடும் கிழங்கோடும் வகுப்புக்கு வந்தவர்களுக்கு

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்து கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டாயிற்று. பிள்ளைகள் போனபின் வகுப்பில் சிதறிக் கிடந்த ஓலைத் துணுக்குகளைக் கூட்டி அள்ளிவிட்டு, உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விழா அன்றைக்கு மேடையில் நன்றி சொல்லத்தான் செய்தேன். ஆனால் மைக்கைப் பிடித்ததும் பாதிப் பேரைச் சொல்ல விட்டுப்போயிற்று. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் ஒவ்வொரு முகமாக ஞாபகத்துக்கு வந்தது.

திசையன்விளை பக்கம் தேரி என்று சொல்கிற செம்மணல் மேட்டை ஒட்டி இருக்கிற சின்னப் பள்ளி எங்களுடையது. 31 பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். டிசம்பர் வந்தால் ஒரு குடில், ஒரு நாடகம், ஆளுக்கொரு துண்டு கேக் என்பதுதான் வழக்கம். அதற்கு வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்போம். இந்த வருஷம் எங்கள் தலைமையாசிரியை, "பணம் கேட்க வேண்டாம், ஆளைக் கேட்போம்" என்றார். உங்களுக்குத் தெரிந்த வேலையை வகுப்பில் வந்து ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று கேட்டோம். "நான் என்னத்த டீச்சர் சொல்லிக் குடுக்க, எனக்குக் கையெழுத்துப் போடவே தெரியாதே" என்று சொல்லாத வீடே இல்லை. ஆனாலும் வந்தீர்கள். அந்த வருகைக்குத்தான் முதல் நன்றி.

பனையோலைப் பெட்டி முடையும் கிழக்குத் தெரு ஆச்சி, உங்களை எப்படி மேடையில் சொல்லாமல் விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. குருத்தோலையை நிழலில் உலர்த்தி, முந்தின ராத்திரியே தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஈர்க்கை ஒரே இழுப்பில் உருவிப் போட்டீர்கள். நட்சத்திரத்துக்கு ஓலையை எவ்வளவு அகலத்தில் வகிர வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டதும், விரலை ஓலை மேல் வைத்து "ஒரு விரக்கடை" என்றீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டென்று ஸ்கேலை எடுத்து உங்கள் விரலையே அளந்தான். ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண், ரெண்டு சாண் ஒரு முழம் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, வகுப்பே சாணை விரித்து பெஞ்சை அளக்கக் கிளம்பிவிட்டது. எனக்கு ஏழு சாண் வந்த பெஞ்சு, மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு ஒன்பது சாண் வந்தது. "ஒரே பெஞ்சுதானே டீச்சர், அது எப்படி?" என்று அவள் கேட்டாள். அளவைப் பாடத்தை ஒன்பது வருஷமாக நடத்துகிறேன். அந்தக் கேள்வியை நான்தான் எப்போதும் கேட்பேன். ஒரு பிள்ளை தானாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. மறுநாள் ஸ்கேலைப் பற்றி நான் நடத்தியபோது யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஓலய இழுக்காத மக்கா, தடவிக் குடு" என்று நீங்கள் சொன்னதை இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், ஆச்சி.

பனையேறும் அண்ணாச்சிக்கு நான்கு மாத நன்றி பாக்கி இருக்கிறது. ஆவணியில் பிள்ளைகளோடு 80 பனம்பழம் பொறுக்கியது அவர்தான். பழத்துக்கு மூன்று கொட்டை என்றால் 240 என்று நான்காம் வகுப்பு கணக்குப் போட்டு வைத்திருந்தது. எண்ணிப் பார்த்தால் 226. சில பழத்தில் ரெண்டு கொட்டைதான் இருக்கும் என்று அண்ணாச்சி வெட்டிக் காட்டினார். பள்ளிக்குப் பின்னால் மணல் அணைத்துப் பாத்தி கட்டிப் புதைத்தோம். பதநீர்க் காலம் பங்குனியில்தான் தொடங்கும் என்பதால், மார்கழியில் வேலை குறைவு என்று சொல்லி இரண்டு முழு நாளை எங்களுக்கே கொடுத்தார். முளை முதலில் மேலே வராது, மண்ணுக்குள் இறங்கும், அதற்குள்தான் கிழங்கு திரளும் என்பதைப் பாத்தியின் ஓரத்தைச் சரித்துக் காட்டினார். முளைத்தவை 187. அதில் 12 கிழங்கைப் பனையாக வளரட்டும் என்று பிடுங்காமல் விட்டோம். மீதி 175. சந்தையில் 25 கிழங்கு ஒரு கட்டு என்று அவர் சொன்னதும், வகுத்துப் பார்க்கச் சொல்லாமலேயே "ஏழு கட்டு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கொட்டையைப் பிளந்து தவுண் தின்ற அன்றைக்கு மதியச் சாப்பாடு நிறைய மிஞ்சிவிட்டது. சத்துணவு அக்கா மன்னிக்க வேண்டும்.

கருக்கு, மட்டை, பாளை, சில்லாட்டை, பீலி, வடலி என்று பிள்ளைகள் கேட்டு எழுதிய பனைச் சொற்கள் ஒரு பழைய நோட்டில் ஆறு பக்கம் வந்திருக்கிறது. பாதிச் சொற்கள் எனக்கே புதிது. எடுத்துச் சொன்ன தாத்தாக்கள் எல்லோருக்கும் நன்றி.

அடுத்து தபால்கார அண்ணன். எங்கள் பிள்ளைகள் பலருக்கு அப்பா சென்னையிலோ மும்பையிலோ பலசரக்குக் கடை வேலையில் இருக்கிறார். தினமும் போனில் பேசுகிறவர்கள்தான், ஆனால் எழுத்தில் ஒரு வரி போனதில்லை. ஐம்பது காசு அஞ்சல் அட்டை 40 வாங்கி வந்து, பின்கோடு ஆறு இலக்கத்துக்கும் என்ன பொருள் என்று அண்ணன் பலகையில் எழுதிக் காட்டினார். முதல் மூன்று இலக்கம் நம்முடையது 627, சென்னை 600, மும்பை 400. இத்தனை வருஷம் எழுதியும் எனக்கே அது இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

ஒரு சிறுமியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நம் பக்கத்தில் 'கெளங்கு' என்றுதானே பேசுகிறோம், அவளும் எப்போதும் 'கிளங்கு' என்றே எழுதுவாள். எத்தனை தடவை சிவப்பு மையில் திருத்தியும் மாறவில்லை. அப்பாவுக்கு எழுதும் அட்டையில் மூன்று முறை அடித்து, என்னிடம் வந்து, "டீச்சர், அப்பா படிக்கும்போது தப்பா இருக்கக் கூடாது, சிறப்பு ழவா?" என்று கேட்டாள். எழுதினாள்: 'நாங்க போட்ட பனங்கிழங்கு நல்லா வந்திருக்கு. உங்களுக்கு நாலு எடுத்து வச்சிருக்கேன்.' பத்து நாள் கழித்து அவள் அப்பா பள்ளிக்குப் போன் செய்தார். அட்டையைக் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாராம். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை, எனக்கும்தான்.

வேன் ஓட்டும் தம்பி ஒரு சனிக்கிழமை முழுக்க வாடகை வாங்காமல் பெரிய பிள்ளைகளை இடையன்குடிக்குக் கூட்டிப்போனார். கால்டுவெல் வாழ்ந்த வீட்டையும் அவர் கட்டிய கிறிஸ்தவக் கோயிலையும் பார்த்தோம். 1847இல் தொடங்கிய கட்டடம் 1880இல்தான் முடிந்தது. கழித்து 33 என்று கண்ட ஒரு பையன், தன் அப்பாவின் வயதும் அதுதான் என்று வேன் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். நின்று விளக்கிய உபதேசியாருக்கும், சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த வீட்டாருக்கும் நன்றி.

அப்புறம் விழா நாள். காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வருஷம் பள்ளியில் கிறிஸ்துமஸே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை என்று படித்ததைப் பிள்ளைகள் ஸ்கேலால் அளந்து வகுப்புச் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோடு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோளைத் தொடுகிறது. அதைப் பார்த்தபடியே நின்றேன், வயிற்றைக் கலக்கியது. பத்து மணிக்குப் பந்தல் ஒழுக ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் அம்மன் கோயில் கமிட்டியார் மண்டபத்தைத் திறந்து, கொடை விழாவுக்கு விரிக்கும் ஜமுக்காளத்தையும் விரித்துவிட்டார்கள். சர்ச் போதகர் ஐயர் ஜெபம் செய்தபோது கமிட்டித் தலைவர் பக்கத்தில் குடை பிடித்து நின்றார். எலெக்ட்ரீசியன் தம்பி நனைந்துகொண்டே லைன் இழுத்தார். பாய் கடையிலிருந்து உப்பும் மஞ்சளும் சொல்லாமலே வந்தன. காலை உணவு சமைக்கும் அக்காமார் ஆறரைக் கட்டுக் கிழங்கையும் அவித்து இறக்கினார்கள். மீதி அரைக் கட்டு அப்பாமாருக்கென்று பிள்ளைகள் எடுத்து வைத்தது. அவித்த பனங்கிழங்கு மணக்க மணக்க நாடகம் நடந்தது. இந்த முறை கேக் வெட்டவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.

மண்டபத் தூண்களில் பிள்ளைகள் முடைந்த நட்சத்திரங்கள் இன்னும் தொங்குகின்றன. பொங்கல் வரைக்கும் அப்படியே இருக்கட்டும் என்று கமிட்டியார் சொல்லிவிட்டார்கள். பாத்தியில் விட்ட பன்னிரண்டில் ஒன்று பீலி, அதாவது முதல் குருத்து, விட்டிருக்கிறது. விடுமுறையில் ஆடு வாய் வைக்காமல் அண்ணாச்சி முள் கட்டியிருக்கிறார்.

கிழக்குத் தெரு ஆச்சி, ஓலை வகிரும் உங்கள் கத்தியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகள் வீட்டில் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள், நான்தான் விடவில்லை. பள்ளி திறந்ததும் நீங்களே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டி முடைய எப்போது சொல்லித் தருவீர்கள் என்று இரண்டாம் வகுப்பு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மிகுந்த அன்போடும் நன்றியோடும்,
தொடக்கப் பள்ளி ஆசிரியை,
திசையன்விளை வட்டாரம்