செயலாளர் ஆண்டறிக்கை: டிரங்குப் பெட்டியில் இருந்த பென்ஷன் புத்தகம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

குடும்ப முன்னோரைப் பழைய காகிதங்களில் தேடும் நம் சங்கம், சித்திரைத் திருவிழா மாதம் நீங்கலாக எல்லா மாதமும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். வாடகை பாக்கி இல்லை என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு அதிகம் பேசியது பழைய பட்டாளத்துப் பென்ஷன் காகிதங்களைப் பற்றித்தான். உசிலம்பட்டிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர், தாத்தா பட்டாளத்திலிருந்து விலகியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் புத்தகத்தையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். தாத்தாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆனால் அடையாளக் குறி என்ற இடத்தில், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று எழுதியிருந்தது. "மாடு முட்டுனதுன்னு அப்பத்தா சொல்லும்" என்றார் பேரன்.

சிக்கல் அடுத்த பக்கத்தில். மனைவி பெயர் இருக்கும் இடத்தில் யாரோ ஒரு பெண் பெயர். தாத்தாவுக்கு இன்னொரு குடும்பமா என்று வீட்டில் ஒரு வாரம் ஒரே சலசலப்பு. கடைசியில் வயதான அத்தை ஒருவர்தான் அவிழ்த்தார்: அப்பத்தாவுக்கும் அதன் மாமியாருக்கும் ஒரே பெயர், மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை அதட்ட முடியுமா? அதனால் வீட்டில் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிறந்த வீட்டுப் பெயர் அந்தப் புத்தகத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

தேடுகிறவர்கள் முதலில் பட்டாள நம்பரைக் கண்டுபிடியுங்கள். பெயர் பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும்; நம்பர் பெரும்பாலும் மாறாது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆவணங்களுக்கு நீலகிரியில் உள்ள வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பட்டாளத்தின் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூருக்கும் எழுத வேண்டும். நம்பர் இல்லாமல் நாம் போட்ட கடிதம் ஒன்று அப்படியே திரும்பி வந்தது. ஊரைத் தேடும்போது ஜில்லாவை நம்ப வேண்டாம். திண்டுக்கல் 1985இல்தான் பிரிந்தது, தேனி அதற்கும் அப்புறம்; பழைய காகிதத்தில் பெரியகுளத்துக்காரரும் மதுரை ஜில்லாதான்.

இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் உண்டு. பர்மாவில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் மட்டும் சுமார் 27,000 பெயர்கள். சில பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும்கூட இருக்கும்.

ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பென்ஷன் தாளை லேமினேட் செய்யக் கொடுத்தேன். மடிப்பில் இரண்டாகக் கிழிந்து, கைரேகை பாதியோடு வந்தது. உறுப்பினர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஜெராக்ஸ் கொண்டுவந்தால் போதும். அசல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

செயலாளர்